சேற்றுத் தடத்தில் ஒரு நாள் பயிற்சி: கேளுங்கள், சொல்கிறேன்

ஐப்பசி மழை பிடித்ததும் மைலேஜ், இன்ஜின் ஆயில் கேள்விகள் எல்லாம் குறைந்துவிட்டன. கடிதத்துக்குக் கடிதம் ஆஃப்ரோடு பயிற்சி, அதுவும் சேற்றில் ஓட்டுவது பற்றித்தான். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் இந்த இதழை முழுக்க அதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அண்ணா, வருகிற ஞாயிறு பெங்களூரு பக்கம் ஒரு நாள் ஆஃப்ரோடு பயிற்சிக்குப் பணம் கட்டியிருக்கிறேன். மழையில் தரை முழுக்கச் சேறாகக் கிடக்கிறதாம். தார் ரோட்டைத் தவிர வேறெதிலும் ஓட்டியதில்லை. என்ன சொல்லித் தருவார்கள்? முதல் நாளே பறக்கவிடுவார்களா? (கல்லூரி மாணவர், திருப்பத்தூர்)

பதில்: பறக்கவெல்லாம் விடமாட்டார்கள் தம்பி. முதல் நாளே பறக்கவிடுகிற இடமாக இருந்தால், கட்டிய பணம் போனால் போகட்டும் என்று திரும்பி வந்துவிடுங்கள். நல்ல இடத்தில் காலை நேரம் மெதுவாகத்தான் போகும். முதலில் வண்டியைத் தயார் பண்ணுவார்கள். கண்ணாடிகளைக் கழற்றச் சொல்வார்கள், விழுந்தால் முதலில் உடைவது அதுதான். அப்புறம் டயரில் காற்றைக் குறைப்பார்கள். ரோட்டில் 25, 28 பிஎஸ்ஐ என்று வைத்திருப்பதை, ட்யூப் போட்ட டயர் என்றால், 20-க்குப் பக்கத்தில் கொண்டுவருவார்கள், அப்போதுதான் டயர் அகலமாகப் படிந்து மண்ணைப் பிடிக்கும். அதற்கும் கீழே ரொம்ப இறக்கினால் கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் ட்யூப் நசுங்கி பஞ்சர் ஆகிவிடும். கிளட்ச், பிரேக் லீவர்களையும் சற்றுக் கீழே சாய்த்து வைப்பார்கள், ஏனென்றால் நாள் முழுக்க நின்றுகொண்டே ஓட்டப் போகிறீர்கள், நிற்கும்போது மணிக்கட்டு ஒடியாமல் விரல் நேராக லீவரில் போய் உட்கார வேண்டும்.

ஆமாம், முதல் பாடமே நிற்பதுதான். பாதத்தின் நடுப்பகுதி ஃபுட்ரெஸ்டில், முழங்கால் டேங்கை லேசாக அணைத்தபடி, முழங்கை வெளியே விரிந்து, தலை நிமிர்ந்து. உட்கார்ந்திருந்தால் வண்டி எகிறும்போதெல்லாம் நீங்களும் சேர்ந்து எகிறுவீர்கள். நின்றால் உங்கள் எடை ஃபுட்ரெஸ்டுக்கு இறங்கிவிடும், வண்டி கீழே எப்படி ஆடினாலும் உங்கள் உடம்பு நேராக நிற்கும். இது தெரிந்த பிறகு கோன் வைத்து எட்டுப் போடச் சொல்வார்கள். ஆர்டிஓ ஆபீஸில் போட்ட அதே எட்டுதான், ஆனால் நின்றுகொண்டு, ஹேண்டிலை முழுக்க ஒடித்து, கால் தரையில் படாமல், ஹாஃப் கிளட்சிலும் பின் பிரேக்கிலும் மட்டும் வேகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு. பார்க்க ஒன்றுமில்லாதது போல இருக்கும், பத்து நிமிஷத்தில் சட்டை நனைந்துவிடும். இதையெல்லாம் காய்ந்த தரையில் ஒழுங்காகச் செய்த பிறகுதான் மதியத்துக்கு மேல் சேற்றில் இறக்குவார்கள்.

பெங்களூரைச் சுற்றி இந்தப் பயிற்சி இவ்வளவு வளர்ந்ததில் சி.எஸ். சந்தோஷுக்குப் பெரிய பங்கு உண்டு. உலகின் மிகக் கடினமான நெடுந்தூர ஆஃப்ரோடு பந்தயங்களில் ஒன்றான டக்கார் ராலியை பைக்கில் ஓட்டி முடித்த முதல் இந்தியர் அவர்தான், 2015-ல் 36-வது இடம். கோலார் பக்கம் பிக் ராக் என்ற பயிற்சிக் களத்தைத் தொடங்கியவரும் அவரே. போகிற வழியில் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், உற்சாகமாக இருக்கும்.

கேள்வி: போன மாதம் ஒரு பயிற்சிக்குப் போனேன். மண் ரோடு வரை நன்றாக ஓட்டினேன். சேற்றில் இறங்கிய உடனே முன் சக்கரம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நான்கைந்து முறை விழுந்த பிறகு பயம் வந்துவிட்டது. என்ன தப்புச் செய்கிறேன்? (சேலம் வாசகர்)

பதில்: அந்த இடத்தில் நான் இல்லை, ஆனாலும் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல முடியும், ஏனென்றால் புதிதாக வருகிற கிட்டத்தட்ட எல்லோருக்கும் இதேதான் நடக்கிறது. சேறு கண்ணில் பட்டதும் பயத்தில் ஆக்ஸிலரேட்டரை மூடியிருப்பீர்கள். மூடினால் வண்டியின் எடை மொத்தமும் முன்னால் சாயும், முன் சக்கரம் சேற்றுக்குள் புதையும், புதைந்த சக்கரம் ஹேண்டில் சொல்வதைக் கேட்காது. அதோடு முன் பிரேக்கையும் தொட்டிருந்தால் சொல்லவே வேண்டாம்.

அதனால் சேற்றுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, செகண்ட் கியரில் போட்டு, அந்த வேகத்தை மாற்றாமல் உள்ளே போங்கள். ஃபர்ஸ்ட் கியர் வேண்டாம், கொஞ்சம் முறுக்கினாலே பின் சக்கரம் சுழன்றுவிடும். செகண்டில் இழுவை சாந்தமாக இருக்கும். இடுப்பைச் சற்றுப் பின்னால் தள்ளி முன் சக்கரத்தின் மேல் பாரத்தைக் குறையுங்கள். ஆக்ஸிலரேட்டர் ஒரே அளவில் இருக்கட்டும், கூட்டிக் குறைக்கிற வேலையை எல்லாம் கிளட்சில் வைத்த ஒரு விரல் பார்த்துக்கொள்ளும். பின்பக்கம் இடதும் வலதுமாக ஆடும். ஆடட்டும். அதைத் திருத்தப் போகாதீர்கள், சக்கரம் இழுத்துக்கொண்டிருக்கும்வரை வண்டி தானாகவே நேராகும். நீங்கள் பதறி மூடுகிற அந்த நொடியில்தான் விழுகிறீர்கள்.

இன்னொன்று, பார்வை. மழையில் வரப்பு மேல் தலைச்சுமையோடு போகிறவர்களைப் பாருங்கள், யாரும் காலடியைப் பார்த்து நடப்பதில்லை, கண் பத்தடி முன்னால் இருக்கும். வண்டியிலும் அப்படித்தான். முன் சக்கரத்தைப் பார்த்தால் முன் சக்கரத்திலேயே விழுவீர்கள். சேறு முடிந்து கெட்டித் தரை தொடங்குகிற இடத்தைப் பாருங்கள். டிராக்டர் போன தடம் ஆழமாக இருந்தால் ஒரு தடத்தைத் தேர்ந்தெடுத்து அது முடிகிறவரை அதிலேயே போங்கள். நடுவில் மனசு மாறி அடுத்த தடத்துக்குத் தாவப் பார்த்தால் முன் சக்கரம் ஏறும், பின் சக்கரம் ஏறாது. காலைக் கீழே தொங்கப் போடவும் கூடாது. கீழே இருக்கும் கல்லோ வேரோ கண்ணுக்குத் தெரியாது, கணுக்கால் திரும்பிவிடும்.

மாட்டிக்கொண்டால்? முறுக்காதீர்கள். முறுக்க முறுக்கப் பின் சக்கரம் தனக்குத்தானே குழி தோண்டிக்கொள்ளும். இறங்கி, இன்ஜினை அணைத்து, வண்டியை அப்படியே ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். சக்கரம் குழியை விட்டு வெளியே வரும். அந்தக் குழியில் கல், தழை, எது கிடைக்கிறதோ போட்டு நிரப்பி, வண்டியை நிமிர்த்தி, பக்கத்தில் நடந்தபடியே மெதுவாக கிளட்சை விட்டு ஏற்றுங்கள். சுற்றிப் பத்துப் பேர் கத்திக்கொண்டு பின்னால் தள்ளுவதைவிட இது சுலபம்.

பயம் வந்ததைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் விழுந்தது நடக்கிற வேகத்தில், மெத்தென்ற சேற்றில். சறுக்கல் எப்படி இருக்கும் என்று உடம்புக்குத் தெரிவதற்காகத்தான் அந்த ஒரு நாளே. நாளைக்குத் தார் ரோட்டில் மணல் சிதறிக் கிடக்கும்போது, லாரி ஒன்று சேற்றை இறக்கிவிட்டுப் போயிருக்கும்போது, உங்கள் கை தானாகப் பதறாமல் இருக்கும். மறுபடியும் போங்கள்.

கேள்வி: சேற்றில் ஏபிஎஸ் இருப்பது நல்லதா, அணைப்பது நல்லதா? நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். (திருச்சி)

பதில்: ஏபிஎஸ் என்பது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு. தார் ரோட்டில் அது உயிர் காக்கும், அதில் இரண்டாவது பேச்சு இல்லை. 2019 ஏப்ரலில் இருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகள் அனைத்துக்கும் அது கட்டாயம். ஆனால் தளர்ந்த மண்ணில் கதை வேறு. அங்கே பூட்டிக்கொண்ட சக்கரம் தனக்கு முன்னால் மண்ணைக் குவித்துக்கொண்டு நிற்கும், ஏபிஎஸ் அதைப் பூட்டவிடாமல் விட்டு விட்டுப் பிடிப்பதால் வண்டி இன்னும் தூரம் போகும். அதனால் பயிற்சியில் பின் சக்கர ஏபிஎஸ்ஸை மட்டும் அணைக்கச் சொல்வார்கள். 2020 முதல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனில் அதற்கு ஒரு பட்டனே இருக்கிறது, ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 4வியில் 2023 முதல் மூன்று வகை ஏபிஎஸ் வைத்திருக்கிறார்கள். முன் சக்கரத்தில் அது இருந்துவிட்டுப் போகட்டும், புதிதாகக் கற்பவருக்கு அதுதான் பாதுகாப்பு. பல வண்டிகளில் சாவியை அணைத்துப் போட்டால் ஏபிஎஸ் தானாகத் திரும்ப வந்துவிடும் என்பதால், விழுந்து எழுந்து ஸ்டார்ட் பண்ணும் ஒவ்வொரு முறையும் மீட்டரைப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் ஊரிலேயே பயிற்சி எடுத்தால் என்ன என்று நண்பர்கள் சேர்ந்து மழைக்கு அடுத்த நாள் காட்டுப் பக்கம் போனோம். நூறு அடி போவதற்குள் சக்கரமே சுற்றவில்லை. கிளட்ச் நாற்றம் வேறு. (கோவில்பட்டி வாசகர்)

பதில்: கரிசல் மண்ணில் இறங்கினீர்களா? மழை பெய்த கரிசலில் விவசாயியே கால் வைக்க மாட்டார், பதம் வரட்டும் என்று காத்திருப்பார். செம்மண்ணில் தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும், மேலே வழுக்கினாலும் கீழே கெட்டியாக இருக்கும். கரிசலில் களிமண் அதிகம், தண்ணீரைக் குடித்து உப்பும், டயரில் ஒட்டும், ஒட்டினதன் மேல் இன்னும் ஒட்டும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இரண்டு விரல் இடம்தான் இருக்கிறது, அது அடைத்துக்கொண்டால் சக்கரம் நின்றுவிடும். அப்போது முறுக்கினால் கிளட்ச் பிளேட்தான் எரியும். அந்த நாற்றம் அதுதான். ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள், மலையேறும்போது கிளட்ச் நழுவினால் பிளேட் மாற்ற வேண்டியிருக்கும்.

எவ்வளவு நல்ல ஓட்டுநராக இருந்தாலும் ஈரக் கரிசலில் பயிற்சி எடுப்பது வீண். பல் வைத்த டயர் போட்டாலும் பல்லுக்கு நடுவில் மண் அடைத்து டயர் வழுவழுவென்று உருண்டையாகிவிடும். செம்மண்ணோ சரளையோ இருக்கிற இடமாகப் பார்த்துப் போங்கள். வழியில் கரிசலில் மாட்டினால் கையோடு ஒரு தட்டையான குச்சி இருக்கட்டும், சுரண்டி எடுக்க வேறு வழியில்லை.

கேள்வி: எனக்கு வயது 34, உயரம் ஐந்தடி ஒன்று. ஸ்கூட்டரும் பைக்கும் ஓட்டுவேன். இந்தப் பயிற்சிக்குப் போக ஆசை. ஆனால் அந்த உயரமான வண்டியில் கால் எட்டாது, விழுந்தால் தூக்கவும் முடியாது என்று வீட்டில் சொல்கிறார்கள். (ஓசூர் வாசகி)

பதில்: கட்டாயம் போங்கள். எக்ஸ்பல்ஸ் 200 4வியின் சீட் உயரம் 825 மில்லிமீட்டர், பழைய ஹிமாலயன் 411 என்றால் 800. உங்களுக்கு இரண்டு காலும் ஊன்றாது என்பது உண்மைதான். ஊன்ற வேண்டியதும் இல்லை. நிற்கப் போகிறோம் என்றதும் சீட்டில் ஒரு பக்கமாக நகர்ந்து ஒரு காலை மட்டும் நன்றாக ஊன்றினால் போதும், மேடு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கக் காலை. ஓடும்போது நின்றுதானே ஓட்டப் போகிறீர்கள், அங்கே சீட் உயரத்துக்கு வேலையே இல்லை.

தூக்குவதும் கை பலத்தால் இல்லை. அந்த எக்ஸ்பல்ஸ் கிட்டத்தட்ட 160 கிலோ, அதைக் குனிந்து கையால் தூக்கினால் எந்த ஆணுக்கும் முதுகு பிடித்துக்கொள்ளும். முதலில் இன்ஜினை அணையுங்கள். வண்டி கியரில் இருக்கட்டும், நியூட்ரலில் இருந்தால் உருளும். வலது பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே இறக்கிவிடுங்கள், நிமிர்ந்ததும் அதில் சாய்ந்துகொள்ளும். ஹேண்டிலைத் தரைப் பக்கமாக முழுக்கத் திருப்புங்கள். இப்போது வண்டிக்கு முதுகைக் காட்டிக் குத்தவைத்து, பின்புறத்தைச் சீட்டின் ஓரத்தில் முட்டுக்கொடுத்து, ஒரு கை தரைப் பக்கம் இருக்கும் ஹேண்டில் பிடியில், இன்னொரு கை பின்னால் கேரியர் கம்பியில். சைலன்சர் சுடும், கை எங்கே போகிறது என்று பாருங்கள். முதுகு நேராக இருக்க, கால்களால் தரையை உதைத்து, பின்னோக்கிச் சின்னச் சின்ன அடிகளாக வையுங்கள். பாதி உயரம் வரைதான் பாரம், அதற்கு மேல் தானாக வரும். சேற்றில் கால் வழுக்குமே என்றால், தூக்குவதற்கு முன் குதிகாலால் இரண்டு பள்ளம் தோண்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வண்டியைப் படுத்த வாக்கிலேயே கெட்டித் தரைப் பக்கம் இழுத்துத் திருப்பிக்கொள்ளுங்கள்.

வீட்டில் மறுபடி கேட்டால், நம் பக்கத்து பெங்களூரைச் சேர்ந்த பைக் பந்தய வீராங்கனை ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-ல் எஃப்ஐஎம் பஹா உலகக் கோப்பை என்ற ஆஃப்ரோடு பந்தயத் தொடரில் பெண்கள் பிரிவை வென்றதைச் சொல்லுங்கள். போகும்போது ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள், இருப்பதிலேயே எடை குறைந்த வண்டியை.

கேள்வி: ஸ்பிளெண்டரில் கற்றுக்கொள்ள முடியாதா? (விழுப்புரம்)

பதில்: தாராளமாக. 112 கிலோதான், விழுந்தாலும் சேதம் குறைவு. நம் ஊர்களில் பால்காரர்கள் இரண்டு பக்கமும் கேனைக் கட்டிக்கொண்டு 90 கிலோவுக்கும் குறைவான டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட்டில் போகாத சேறா? கிளட்ச், பார்வை, ஆக்ஸிலரேட்டர் மூன்றையும் அதிலேயே பழகலாம். பெரிய பள்ளம், கல் ஏற்றம் மட்டும் வேண்டாம், இன்ஜின் அடியில் இடிக்கும்.

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. இந்தப் பயிற்சிக்குப் போயே தீருவேன் என்கிறான். தடுத்தால் திருட்டுத்தனமாகப் போவானோ என்றும் பயம். அனுப்பலாமா? (ஒரு தாய், மதுரை)

பதில்: அம்மா, அனுப்புங்கள், ஆனால் நீங்களே போன் பண்ணி விசாரித்துவிட்டு அனுப்புங்கள். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். இருபது பேரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்றால் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். இடம் யாருடையது, முதலுதவி தெரிந்தவர் களத்தில் இருக்கிறாரா, எலும்பு ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், அங்கே போன் சிக்னல் கிடைக்கிறதா, இதையெல்லாம் கேட்டால் நல்ல பயிற்சியாளர் சந்தோஷமாகப் பதில் சொல்வார். எரிச்சல்பட்டால் அந்த இடம் வேண்டாம்.

உடைகளை வாடகைக்குத் தருகிறார்களா என்றும் கேளுங்கள். ஹெல்மெட்டுக்கு அடுத்து முக்கியமானது முழங்கால் வரை வரும் கெட்டியான பூட்ஸ், ஏனென்றால் மெதுவாக விழும்போது வண்டி சாய்வது காலின் மேல்தான். அப்புறம் முழங்கால் கவசம், முழங்கை, நெஞ்சு. துணி ஷூவோடு வந்தாலும் சேர்த்துக்கொள்வோம் என்று சொல்கிற இடத்துக்கு அனுப்பாதீர்கள். இன்சூரன்ஸ் பற்றியும் ஒன்று: வழக்கமான வண்டி இன்சூரன்ஸில் பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்குப் பாதுகாப்பு கிடையாது. பயிற்சி நாளில் வண்டிக்கு ஏதாவது ஆனால் பணம் கிடைக்குமா என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. அவன் மெடிக்கல் இன்சூரன்ஸையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் 19 வயதில் நண்பன் வண்டியை வாங்கிக்கொண்டு பைபாஸில் பறப்பதைவிட, கவசம் போட்டு, ஒருவர் கண் பார்வையில், இருபது கிலோமீட்டர் வேகத்தில் சேற்றில் விழுந்து கற்றுக்கொள்வது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: பயிற்சி முடித்துவிட்டோம். இனி நண்பர்கள் ஆறு பேர் சத்தியமங்கலம் பக்கம் காட்டுத் தடங்களில் மழையில் ஓட்டலாம் என்று இருக்கிறோம். நல்ல தடம் ஏதாவது சொல்லுங்கள். (ஈரோடு)

பதில்: சொல்ல மாட்டேன். சத்தியமங்கலம் 2013 முதல் புலிகள் காப்பகம். தார் ரோட்டை விட்டு அனுமதியில்லாமல் உள்ளே வண்டியை இறக்கினால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்கு வரும். காப்புக்காடு எதுவானாலும் தமிழ்நாடு வனச் சட்டப்படி அத்துமீறல்தான். வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், ஆறு சைலன்சர் சத்தத்தில் குட்டியோடு நிற்கும் யானை எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்? சேற்றில் சிக்கிய வண்டியோடு நீங்கள் எங்கே ஓடுவீர்கள்?

ஏரிக்குள்ளும் இறங்காதீர்கள். மழைக்கு ஊறிய கரையில் டயர் போட்ட தடத்தில் தண்ணீர் ஓடினால் கரை அரிக்கும், கீழே வயல் இருக்கிறது. தெரிந்த விவசாயியிடம் கேட்டு, அறுவடை முடிந்த செம்மண் நிலத்தில் அரை ஏக்கர் கிடைத்தால் போதும், ஆறு பேரும் மாறி மாறி ஓட்டலாம். ஓட்டிய பிறகு நிலத்தைப் பழையபடி உழுதுகொடுக்கப் பணம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: பயிற்சி முடிந்து வந்து நன்றாக வாட்டர் சர்வீஸ் விட்டேன். இரண்டு நாளில் செயின் கரகரவென்கிறது, பின் பிரேக்கும் கீச்சென்கிறது. (காஞ்சிபுரம்)

பதில்: நன்றாக விட்டதுதான் பிரச்சினை. பிரஷர் தண்ணீரைச் செயின் மேலும், சக்கர பேரிங் மேலும் நேராக அடித்தால் கிரீஸ் வெளியே போய்த் தண்ணீர் உள்ளே போய்விடும். சேற்றை முதலில் சாதாரண ஹோஸ் தண்ணீரில் ஊறவைத்துக் கையால் தேயுங்கள். செயினை மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் சுத்தம் செய்து, காயவைத்து, செயினுக்கான எண்ணெய் ஸ்ப்ரே அடியுங்கள். பின் பிரேக் பேடைக் கழற்றிப் பாருங்கள், நடுவில் மண் உட்கார்ந்திருக்கும், சேற்றில் ஒரே நாளில் பேட் பாதி தேய்ந்துபோவதும் உண்டு. ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள், ஸ்போக்ஸ் ஒவ்வொன்றையும் ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள், தளர்ந்தது வேறு சத்தம் தரும்.

வண்டியைப் பார்த்த கையோடு உங்களையும் பாருங்கள். சேற்றில் கிழித்த சிராய்ப்பு இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், சேற்றுத் தண்ணீரில் புரண்டதை டாக்டரிடம் சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும், சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்தில் குணமாகிவிடும். டயரில் குறைத்த காற்றைத் திரும்ப அடித்தீர்களா? இல்லையென்றால் ஆபீஸுக்குக் கிளம்பும் முன் முதல் வேலை அதுதான்.